எஞ்சின் மேலாண்மையா, பொறியாட்சியா? சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

டோர்ட்மண்டிலிருந்து, திங்கள் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். இங்கே தமிழ்ப் பாடசாலையில் மூத்த மாணவர்களுக்குச் சனிக்கிழமை ஒரு செய்முறை வகுப்பு எடுக்கிறேன். என் வண்டியையே முற்றத்தில் நிறுத்தப் போகிறேன். 1987ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டி3 வேன். தூக்கினால் படுக்கையாகும் வெஸ்ட்ஃபாலியா கூரை, பின்பக்கத்தில் 2.1 லிட்டர் எஞ்சின். எஞ்சினை இயக்கும் அதன் பழைய மின்னணுப் பெட்டியான டிஜிஃபான்டைக் கழற்றிவிட்டு, நாமே திருத்தி அமைக்கக்கூடிய மெகாஸ்குவர்ட் பெட்டியைப் பொருத்தியிருக்கிறேன்.

ஏன் கழற்றினேன் என்றால், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஒரே வேகத்தில் போனால், யாரோ பின்னாலிருந்து பிடித்து உலுக்குவதைப்போல வண்டி திணறும். மிதியிலிருந்து காலை எடுத்து மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். இந்த வண்டிக்காரர்கள் பலருக்கும் பழக்கமான நோய் இது. காற்றை அளக்கும் பெட்டிக்குள் ஒரு மடல் இருக்கிறது. உள்ளே இழுக்கப்படும் காற்று அதைத் தள்ள, அதோடு சேர்ந்த கம்பி நுனி ஒரு கரித்தடத்தின்மேல் உரசி நகரும். முப்பது ஆண்டுகள் உரசிய தடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு இரண்டு பக்கத் தாள் ஒன்று தயாரிக்கிறேன். இப்படிப்பட்ட பெட்டியும் உணரிகளும் சேர்ந்த அமைப்பை ஜெர்மனில் ‘மோட்டோர்ஷ்டொயருங்’ என்றால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். தமிழில், எங்கள் ஈழத்து வழக்கில், ‘இயந்திர முகாமைத்துவத் தொகுதி’ என்று எழுதினேன். மனைவி படித்துவிட்டு, வங்கியிலிருந்து வந்த கடிதமா என்று கேட்டார். உதவுங்கள்.

சென்னையிலிருந்து, செவ்வாய் காலை

அண்ணா, உங்கள் மனைவியின் பக்கம்தான் நான். ‘தொகுதி’ என்றால் எங்கள் ஊரில் எம்.எல்.ஏ.தான் கண்முன் வருவார். ‘எஞ்சின் மேலாண்மை அமைப்பு’ என்று போட்டுவிடுங்கள். இருபது ஆண்டுகளாகக் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவள் சொல்கிறேன்: படிப்பவர் முதல் வரியில் தடுக்கி விழுந்தால் இரண்டாவது வரிக்கு வரமாட்டார்.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் மாலை

> எஞ்சின் மேலாண்மை அமைப்பு

அம்மா, தமிழறிந்தவர் இதை எப்படிப் படிப்பார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? எஞ்சு என்பது வினைப்பகுதி. இன் நிபந்தனை விகுதி. உண்ணின், செய்யின், எஞ்சின். ஆக, ‘மிச்சமிருந்தால் மேலாண்மை’ என்று பொருள்!

‘பொறி’ இருக்கும்போது நமக்கு என்ன குறை? இயந்திரம் பொறி. எரிபொருளைப் பற்றவைப்பதும் பொறி. ஐம்புலன் வாயில்களும் பொறி. வள்ளுவர் ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்று ஆறாம் குறளிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பெட்டி செய்வதும் அதுதானே? உணரிகளாகிய பொறிகள் சொல்வதைக் கேட்டு, தீப்பொறியைத் தூண்டி, பொறியை ஆள்கிறது. ‘பொறியாட்சி’ என்க. மூன்று பொருளும் ஒரு சொல்லில் அடங்குகிறது.

கோயம்புத்தூரிலிருந்து, செவ்வாய் இரவு

மூன்று பொருளும் ஒரு சொல்லில் அடங்குவதுதான் ஐயா சிக்கலே. ‘பொறியைச் சரிபார்’ என்று எழுதினால் என் ஐ.டி.ஐ. மாணவன் எதைக் கழற்றுவான்? எஞ்சினையா, ஸ்பார்க் பிளக்கையா, சென்சாரையா? எலிப்பொறியை விட்டுவிட்டீர்கள், அதுவரை நிம்மதி.

எங்கள் பட்டறைகளில் இந்தப் பெட்டியை ‘ஈசிஎம்’ (எஞ்சின் கன்ட்ரோல் மாட்யூல்) என்பார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்த பிறகு புதிய பைக்குகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தெருமுனை மெக்கானிக்கும் இந்தப் பெட்டியோடுதான் மல்லுக்கட்டுகிறார். அவருக்கு யாரும் தமிழ்ச்சொல் கொடுக்கவில்லை, அவரும் காத்திருக்கவில்லை.

டோர்ட்மண்ட் நண்பருக்கு ஒரு கேள்வி. பழைய பெட்டி பெட்ரோலை மட்டும் பார்த்ததா, தீப்பொறியையும் சேர்த்துப் பார்த்ததா? அது தெரியாமல் பெயர் வைப்பது பிள்ளை பிறக்கும் முன் பெயர் வைப்பது போல.

டோர்ட்மண்டிலிருந்து, புதன்

நல்ல கேள்வி அண்ணா. இதே டி3 வகையில் 1.9 லிட்டர் எஞ்சினோடு வந்த டிஜிஜெட், எரிபொருளை மட்டும் பார்த்தது. தீப்பொறிக்குத் தனி ஏற்பாடு. என் வண்டியின் டிஜிஃபான்ட் இரண்டையும் ஒரே பெட்டியில் பார்த்தது. இரண்டையும் இணைக்கும் வேலையை போஷ் நிறுவனம் 1979லேயே மோட்ரோனிக் என்ற பெயரில் செய்துவிட்டது. ஆகவே டிஜிஜெட்டுக்கு ‘மேலாண்மை’ அதிகப்படி. என் வண்டிக்குச் சரி.

புதிய அமைப்பில் அந்த மடலே கிடையாது. உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சினின் சுழல்வேகம் மூன்றையும் வைத்துக் காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. எஞ்சினோடு சுழலும் கப்பியில் அறுபது பற்களுக்கான இடம் கொண்ட சக்கரம் ஒன்றை மாட்டினேன். அதில் இரண்டு பற்கள் இருக்காது. அந்த இடைவெளி கடக்கும்போதுதான் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்பது பெட்டிக்குத் தெரிகிறது. எப்போது எவ்வளவு எரிபொருள் விடுவது என்பதற்கு 16க்கு 16 கட்டம். மகன் அருகில் உட்கார்ந்து மடிக்கணினியில் கட்டம் கட்டமாகத் திருத்த, நான் ஒரே மேட்டில் ஒன்பது தடவை ஏறி இறங்கினேன். இதற்கு எல்லோரும் ‘மேப்’ என்கிறார்கள். நான் ‘அட்டவணை’ என்று எழுதிவிட்டேன், சண்டை வேண்டாம்.

‘மோட்டோர்ஷ்டொயருங்’கில் உள்ள ‘ஷ்டொயர்’ என்றால் ஜெர்மனில் கப்பலின் சுக்கான். முன்னால் வரும் பால்காட்டும் சொல்லை மாற்றினால் அதுவே அரசுக்குக் கட்டும் வரி. ஆள்வது என்பதைவிடத் திசை பார்த்துச் செலுத்துவது என்ற எண்ணமே அதில் இருக்கிறது.

இன்னொன்றும் வேண்டும். புதிய வண்டிகளில் ஓர் உணரி பழுதானால், பெட்டி ஒரு மாற்று மதிப்பை வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, பட்டறை வரை நொண்டிக்கொண்டாவது கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு என்ன சொல்வது?

தஞ்சாவூரிலிருந்து, புதன் நள்ளிரவு

சுக்கான் அரபுச் சொல், கொள்ளற்க. செலுத்துவதுதான் கருத்து என்றால் தேரோட்டியாகிய ‘வலவன்’ காத்திருக்கிறான். ‘வலவன் ஏவா வான ஊர்தி’, புறநானூறு 27. ‘பொறிவலவன்’ என்க. ‘முகாமை’ நல்ல சொல்தான். ஆனால் கூடாரமிடும் வண்டிக்கு அதை எழுதினால் அரபு வழி வந்த ‘முகாம்’ நினைவுக்கு வந்து, முகாம் வண்டியின் முகாமை என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வண்டி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டியைப் பாருங்கள். உரல் தொங்குகிறது, காடிக் கலம் கட்டியிருக்கிறது, கோழி இருக்கிறது, குழந்தையோடு இருக்கும் பெண் எருதை ஓட்டுகிறாள். வெஸ்ட்ஃபாலியாவில் இதற்குமேல் என்ன இருக்கிறது?

நொண்டி ஓட்டத்துக்கும் உமணரிடமே விடை உண்டு. புறநானூறு 102. எருதுகள் இளையவை, பாரம் பெரிது, பள்ளமோ மேடோ யார் கண்டது என்று வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதன் பெயர் ‘சேம அச்சு’. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அதற்கு உவமிக்கிறார். ஆகவே ‘சேம ஓட்டம்’.

கோயம்புத்தூரிலிருந்து, வியாழன்

சேம ஓட்டம் பிரமாதம். நாளைக்கே வகுப்பில் சொல்வேன், யாருக்கும் விளக்க வேண்டியிராது. வலவன் வேண்டாம் ஐயா. வலவன் ஓட்டுநர், பெட்டி ஓட்டுவதில்லை. சனிக்கிழமை வண்டியின் வலவன் டோர்ட்மண்ட் நண்பர்தான்.

சென்னையிலிருந்து, வியாழன் இரவு

கணக்கெடுத்தேன். எஞ்சின் மேலாண்மைக்கு நான்கு பேர், அதில் இருவர் ‘எதுவானாலும் சரி, முடியுங்கள்’ என்றவர்கள். பொறியாட்சிக்கு ஒருவர், பொறிவலவனுக்கும் அதே ஒருவர். முகாமைத்துவத்தை முன்மொழிந்தவரே கைவிட்டுவிட்டார். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மட்டும் அதற்காக வருந்தித் தனிமடல் எழுதியிருக்கிறார். சேம ஓட்டத்துக்கு எதிர்ப்பே இல்லை. இந்தக் குழுவில் அப்படி ஒன்று நடந்து எத்தனை காலமாயிற்று!

டோர்ட்மண்டிலிருந்து, வெள்ளி

தாள் அச்சாகிவிட்டது. தலைப்பு ‘எஞ்சின் மேலாண்மை’. ‘மிச்சமிருந்தால்’ என்ற பொருளும் என் வண்டிக்குப் பொருத்தமே என்று மனைவி சொல்லிவிட்டார். முகாமைத்துவத்தை அடைப்புக்குறிக்குள் வைத்தேன், ஊர்க்காரர்களுக்காக. பெட்டிக்குக் ‘கட்டுப்பாட்டகம்’. எல்லோருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி மாலை

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. தாளைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் த்ராட்டிலுக்கு ‘நெரிப்பான்’ என்று போட்டிருக்கிறீர்கள். திறந்து காற்றை உள்ளே விடும் கதவுக்குக் குரல்வளையை நெரிக்கும் பெயர் சூட்டியது யார்?