அம்மிச்சி வீடு (வாட்ஸ்அப் குழு)

சனிக்கிழமை

அம்மா, மாலை 6:40
எல்லாரும் பதறாம படிங்க. எங்கம்மா, பசங்களோட அம்மிச்சி, மத்தியானம் துவைக்கற கல்லுகிட்ட வழுக்கி விழுந்துட்டாங்க. இடது பக்கம் இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. எக்ஸ்ரே எடுத்தாச்சு. திங்கக்கிழமை காலைல ஆபரேஷன். நல்லா நினைவோட இருக்காங்க, பேசறாங்க.

பெரியம்மா திருப்பூர், 6:44
ஐயோ சாந்தி. 81 வயசுல ஆபரேஷன் தாங்குமா? காலைல முதல் பஸ்ஸுக்கு வந்தர்றேன்.

மாமா, 6:47
நான் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துட்டிருக்கேன். ராத்திரி நான் இருந்துக்கறேன், அக்கா நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க. பாப்பா, சர்க்கரை மாத்திரை டப்பாவ எடுத்து வை.

நான், 6:49
எடுத்துட்டேன் மாமா. போர்வையும் விபூதி டப்பாவும் வச்சிருக்கேன். அது தலைமாட்டுல இல்லாம அம்மிச்சி தூங்க மாட்டாங்க.

அப்பா, 7:15
ஒரு விஷயம். திங்கக்கிழமை ஜோயல் கூப்பிடுவான். அவன்கிட்ட யாரும் இதைச் சொல்ல வேணாம். அம்மிச்சி தூங்கறாங்கன்னு சொல்லிக்கலாம். சபை ஊழியத்துக்குன்னு மிஷன் போய் 14 மாசம் ஆச்சு, இன்னும் 10 மாசம் இருக்கு. அங்க உக்காந்துட்டு அவனால என்ன பண்ண முடியும்? மனசு ஒடஞ்சு போயிருவான்.

பெரியம்மா திருப்பூர், 7:21
மாப்ள சொல்றது சரிதான். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. அவன் என்ன அமெரிக்காவுலயா இருக்கான்? விசாகப்பட்டினத்துல வண்டி ஏறினா மறுநாள் கோயமுத்தூர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவகூட வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்கன்னா அது என்ன சபை, உங்க மார்மன் சபை?

அம்மா, 7:30
அக்கா, யாரும் அவனைக் கட்டாயப்படுத்தி அனுப்பல. அவனே கேட்டு எழுதிக் குடுத்துப் போனது. பசங்கன்னா 24 மாசம், பொண்ணுங்கன்னா 18 மாசம். நடுவுல லீவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு தெரிஞ்சேதான் போனான். திங்கக்கிழமை அவங்களுக்கு பி-டே, துணி துவைக்கற நாள், காய்கறி வாங்கற நாள். அன்னிக்கு வீடியோல பேசலாம். இதுவே 2019 பிப்ரவரிலருந்துதான். அதுக்கு முன்னாடி போனவங்களுக்கு இதுகூட கிடையாது.

மாமா, இரவு 10:52
மச்சான், கோவிச்சுக்காதீங்க. அம்மா தூங்கிட்டாங்க. வராந்தாவுல உக்காந்து எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

1995ல நான் மிஷன் போனப்ப இந்தியா முழுக்க ஒரே மிஷன்தான், பெங்களூர். 1993ல ஆரம்பிச்சது. என்னைப் போட்டது ராஜமந்திரி. வீட்டுக்கு போன் பண்றது வருஷத்துக்கு ரெண்டே நாள், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். மத்தபடி வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர். அக்கா எழுதுவாங்க. கடைசி மடிப்புல அப்பா பென்சில்ல ஒரு வரி எழுதுவாரு. "ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு." அவருக்கு நான் சபைல சேந்ததும் பிடிக்கல, மிஷன் போனதும் பிடிக்கல. ஆனா அந்த வரி ஒரு வாரம்கூட தவறினதில்ல.

1996 செப்டம்பர்ல அந்த வரி நின்னுபோச்சு. அக்கா எழுத்து மட்டும் வந்துச்சு. "எல்லாரும் சுகம். அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கார்." அடுத்த வாரமும் தோட்டம். அதுக்கடுத்த வாரமும் தோட்டம். லெட்டர் எழுதற நேரத்துக்கெல்லாம் அப்படி என்ன தோட்டம்னு எனக்குத் தோணுச்சு. ஆனா கேக்கல. கேட்டா பதில் வந்துருமோன்னு பயம். அப்படி அஞ்சு லெட்டர். அக்டோபர்ல ஒரு ராத்திரி வீட்டுக்காரர் போனுக்கு, மிஷன் போன எங்களுக்கெல்லாம் பொறுப்பா இருந்த மிஷன் பிரசிடென்ட் கூப்பிட்டு, அப்பா தவறிட்டாருன்னு சொன்னாரு. பக்கவாதம் வந்து அஞ்சு வாரம் படுக்கைல இருந்திருக்காரு.

அந்த அஞ்சு வாரமும் நான் அவருக்காக உபவாசம் இருந்திருப்பேன் மச்சான். நாலு வரி அவருக்குன்னு எழுதியிருப்பேன், அக்கா படிச்சுக் காட்டியிருப்பாங்க. வந்திருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. அதை நான்தானே யோசிச்சிருக்கணும்? அந்த அஞ்சு லெட்டரும் இன்னும் பெட்டில இருக்கு. பிரிக்க மனசு வரல. ஜோயலுக்கு அப்படி ஒரு லெட்டர் நம்ம வீட்டுலருந்து போக வேணாம்.

அம்மா, 11:48
தம்பி, முழிச்சிருக்கியா?

எழுத வேணாம்னு சொன்னது அப்பாதான். வாய் கோணிப்போயிருந்துச்சு, பேசறது எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது. "எடுத்த காரியத்த முடிச்சுட்டு வரட்டும்"னாரு. ரெண்டாவது வாரம் இன்லண்டை ஒரு அட்டைல வச்சு அவர்கிட்ட நீட்டினேன். வலது கை வரல. இடது கைல பென்சிலப் பிடிச்சு "ஆ" போட ஆரம்பிச்சாரு. சுழிச்சது நிக்காம கோடா இழுத்துட்டுப் போய் மடிப்பையே தாண்டிருச்சு. அதைப் பாத்தா உனக்குத் தெரிஞ்சுருமேன்னு அந்த லெட்டரை அடுப்புல போட்டுட்டு வேற எழுதினேன்.

இத்தனை வருஷமா இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

மாமா, 12:04
அக்கா

மாமா, 12:09
அந்தக் கோடு வந்திருந்தா போதும்க்கா.

ஞாயிற்றுக்கிழமை

அப்பா, காலை 7:20
ராத்திரி எழுதினதெல்லாம் இப்பத்தான் படிச்சேன். மாப்ள, நீ சொன்னதுதான் சரி. மிஷன் பிரசிடென்ட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம், இன்னிக்கே வீட்டுக்குப் பேசச் சொல்றேன்னாரு. ராத்திரி 8 மணிக்குக் கூப்பிடுவான். 10:30க்கு லைட்ட அணைக்கணும்கிறதால அதுக்கு மேல தள்ளக் கூடாது. எல்லாரும் ஒரேயடியா பேசாம அம்மிச்சிகிட்ட குடுத்துருங்க.

அண்ணா துபாய், இரவு 9:05
என்ன ஆச்சு? ஜோயல் பேசினானா? கிளம்பி வர்றானா?

நான், 9:22
பேசினான் அண்ணா. எல்லாத்தையும் சொல்றேன்.

அப்பா எதையும் மறைக்காம சொல்லிட்டாரு. ரொம்ப நேரம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சோம். அப்புறம் "எனக்குச் சொன்னீங்களே, தேங்க்ஸ்ப்பா"ன்னான். ஆபரேஷன் எத்தனை மணிக்கு, பிளேட்டா ஸ்க்ரூவா, யார் ரத்தம் குடுக்கறாங்கன்னு கேட்டான். வரட்டுமான்னு அவனே கேட்டான். அப்பா, "அம்மிச்சியக் கேளு"ன்னு போனைக் குடுத்துட்டாரு.

அம்மிச்சி சொன்னதை அப்படியே எழுதறேன்: "ராசா, சாமி காரியமா போனவன் பாதியில திரும்பக் கூடாது. மருதமலையானும் உங்க ஏசுவும் என்னையப் பாத்துக்குவாங்க. நீ வர்றதுக்குள்ள நான் நடந்துருவேன். அங்க ஆட்டுக்கறி கிடைக்குதா?"

நான், 9:26
அவன் கம்பானியன் ஹைதராபாத் பையன். எப்பவும் ரெண்டு பேரும் சேந்துதான் இருக்கணும்ல, அவனும் பின்னாடி நின்னுட்டிருந்தான். அம்மிச்சிய "அம்மம்மா"ன்னு கூப்பிட்டான். நம்ம பக்கத்து வீட்டு நாயுடு பாட்டிகிட்ட 40 வருஷமா பேசிப் பழகின தெலுங்குல அம்மிச்சி அவன்கிட்ட "தின்னாவா நாயனா?"ன்னாங்க. அவன் கண்ணத் தொடச்சுட்டு ஃபிரேமை விட்டு நகர்ந்துட்டான். ஜோயலும் அழுதான். சிரிச்சுட்டேதான் அழுதான்.

பெரியம்மா திருப்பூர், 9:40
சாயங்காலம் உங்க சபைலருந்து ரெண்டு பேரு வந்தாங்க. ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு அம்மா உச்சந்தலைல தொட்டு, ரெண்டு பேரும் கைய வச்சு ஜெபம் பண்ணாங்க. நான் கூடவே நின்னேன். பேரைச் சொல்லி, "வலி குறையட்டும், டாக்டர் கை நிதானமா இருக்கட்டும்"னு கேட்டாங்க. அவங்க போனதும் அம்மா நெத்திக்கு நான் விபூதி வச்சு விட்டேன். அம்மா ரெண்டுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. இப்ப நல்லா தூங்குது.

திங்கட்கிழமை

மாமா, காலை 8:10
உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.

மாமா, 11:35
முடிஞ்சுது. நல்லபடியா இருக்காங்க. ரத்தம் ஒரு யூனிட்தான் ஏத்தினாங்க. நாளைக்கே பிடிச்சு உக்கார வைப்பாங்களாம்.

அண்ணா துபாய், 11:36
🙏🙏

நான், மாலை 4:15
ஜோயலோட வாராந்திர மெயில் வந்திருக்கு. எப்பவும் போல இங்க போடறேன்:

"அன்புள்ள எல்லாருக்கும். அப்பா மெசேஜ் பாத்தேன், ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு தெரிஞ்சதும் கம்பானியனும் நானும் முழங்கால் போட்டோம். நேத்து சாயங்காலத்துலருந்து ரெண்டு பேரும் உபவாசம் இருந்தோம். இன்னிக்கு சாயங்காலம் சாம்பார் வச்சு முடிக்கறோம். புளி ஜாஸ்தியாத்தான் வருது, அம்மா அளவு சொல்லணும்.

இந்த வாரம் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். தனியா இருக்காங்க, வயசு 80க்கு மேல. கீழ குழாய்லருந்து ஆறு குடம் தண்ணி தூக்கி மாடில வச்சோம். டீ குடிக்க மாட்டோம்னு தெரிஞ்சு மஜ்ஜிக குடுத்தாங்க. மஜ்ஜிகன்னா மோர். புதன்கிழமைதான் குடம் தூக்கினோம், சனிக்கிழமை அம்மிச்சி விழுந்துட்டாங்க. அதையே நெனச்சுட்டிருந்தேன். இனி வாரத்துக்கு ரெண்டு தடவ அந்த வீட்டுக்குப் போறதா முடிவு பண்ணியிருக்கோம்.

மாமா, அப்புச்சி லெட்டர் பத்தி அம்மா நேத்து சொன்னாங்க. அம்மிச்சி கை எழுதற நிலைல இருந்தா எனக்கு ஒரு வரி வேணும். போட்டோ வேணாம், காகிதமே வேணும்."

செவ்வாய்க்கிழமை

அம்மா, மாலை 5:50
உக்கார வச்சாங்க. தலகாணி மூணு முட்டுக் குடுத்து அஞ்சு நிமிஷம் உக்காந்தாங்க. அம்மாவுக்குப் பேரெழுத மட்டும்தான் தெரியும். பேரெழுதினதும் நிறுத்தல, "வேற என்னம்மா அவரு எழுதுவாரு?"ன்னு கேட்டாங்க. நான் இன்னொரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். அதைப் பாத்துப் பாத்து கீழ போட்டாங்க. "ஆசீர்வாதம்" ஒரே வரில வரல, "வாதம்" அடுத்த வரிக்குப் போயிருச்சு. "வேளைக்குச் சாப்பிடு" எழுத முடியல, கை நடுங்குது, நாளைக்குன்னுட்டாங்க.

மாமா, 5:58
நாளைக்கு வேணாம்க்கா, இருக்கறதே அனுப்பலாம். அடுத்த வாரம் ட்ரான்ஸ்ஃபர் வருது, ஆறு வாரத்துக்கு ஒருக்கா மாத்துவாங்க. அவன் ரூம் மாறிட்டா லெட்டர் அலையும். ஆர்.எஸ்.புரம் போஸ்ட் ஆபீஸ்ல ஸ்பீட் போஸ்ட் நான் போடறேன். மடிக்காதீங்க, அட்டை வச்சு அனுப்பலாம்.

பெரியம்மா திருப்பூர், 6:03
நில்லு தம்பி, நானும் ஒரு வரி எழுதித் தரேன். அட்ரஸ்ல அவன் பேருக்கு முன்னாடி என்னமோ போடணும்ல, அது என்ன?

நான், 6:04
எல்டர், பெரியம்மா.