சாயங்காலம் 3.30ல இருந்து 7.30 வரைக்கும் பையன பாத்துக்க ஆள் வேணும், தண்டையார்பேட்டை

பையனுக்கு 9 வயசு, நாலாவது படிக்கிறான். நான் கிண்டில வேலை பாக்கறேன், மெட்ரோ புடிச்சு தண்டையார்பேட்டைல இறங்கி வீடு சேர 7.30 ஆயிடும், அவருக்கு ஹார்பர்ல ஷிஃப்ட். பாத்துக்கிட்டிருந்த அக்கா ஜூன்ல மக பிரசவம்னு ஊருக்கு போனாங்க, திரும்பி வரல. இப்ப மாமியார்தான், முட்டி வலி, அவன் பின்னாடி ஓட முடியாது.

ஸ்கூல் விட்டு வந்ததும் ஷூவ கூட கழட்டாம போன்தான். 2022லயே ஃப்ரீ ஃபயர் கேம தடை பண்ணிட்டாங்களேன்னு நினைச்சிட்டிருந்தேன், மேக்ஸ்னு இன்னொன்னு இருக்குன்னு இவன்தான் எனக்கு பாடம் எடுக்கிறான்.

என் பழைய ஆண்ட்ராய்டு போன்ல பசங்க போன் பாக்கற நேரத்த கட்டுப்படுத்தற ஃபேமிலி லிங்க் ஆப் போட்டு 1 மணி நேரம்னு வெச்சேன், அது கரெக்டா லாக் ஆச்சு, இவன் என் மாமியார் போன எடுத்துட்டான். ரீசார்ஜ் பண்ண அவங்களே இவன கூப்ட்டு யுபிஐ பின்ன சொல்லிக் குடுத்திருக்காங்க, போன வாரம் பாத்தா கேம்ல வாங்கற டைமண்டுக்கு 1,840 ரூபா போயிருக்கு! அவங்கள திட்டவும் முடியல. பின் மாத்தியாச்சு. வைஃபைய ஆஃப் பண்ணா பக்கத்து வீட்டு பசங்க ஹாட்ஸ்பாட் போட்டு குடுக்கறானுங்க. போன பிடுங்கி வெச்சா சோத்துல கைய வெக்க மாட்டேங்கறான்.

டியூஷன்ல 6 மணிக்கே அனுப்பிடறாங்க. ரெண்டு டேகேர்ல கேட்டேன், 6 வயசுக்கு மேல எடுக்க மாட்டோம்னுட்டாங்க.

மாசம் 6,000 வரைக்கும் குடுப்போம். தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை பக்கம் இந்த வயசு பையன 7.30 வரைக்கும் பாத்துக்கற அக்காவோ டேகேரோ யாருக்காவது தெரியுமா?