‘ஹவுஸ் ஆஃப் ஹாலோ’ படித்தவர்கள் உதவுங்கள்

அக்கா மகளுக்கு 15 வயது. பேய்க்கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கிரிஸ்டல் சதர்லேண்ட் 2021இல் எழுதிய இந்த நாவலைக் கேட்கிறாள். வாங்கி, முதலில் நானே படித்துவிட்டேன். எடின்பரோ தெருவில் காணாமல் போன மூன்று சகோதரிகள் ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறார்கள். கழுத்தில் தழும்பு, வெளுத்த முடி, கறுத்துப்போன கண்கள். வந்தது நம் பிள்ளைகள்தானா என்ற சந்தேகத்திலேயே உருக்குலைந்து அப்பா தற்கொலை செய்துகொள்கிறார்.

அங்கேதான் தயக்கம். போன வருடம்தான் இவள் அப்பாவை இழந்தாள். கதை என்னவோ அபாரம், எனக்கே இரண்டு நாள் தூக்கமில்லை!

இப்போது கொடுக்கலாமா, தள்ளிப்போடலாமா? வீட்டில் இழப்பைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அப்புறம், இதே சாயலில் தமிழில் ஏதாவது இருக்கிறதா?