மார்ச்சில் டோக்கியோ மாரத்தான்: மழையும் குளிரும் சேர்ந்து வந்தால் என்ன போட்டு ஓடுவது?

புச்சோங் ஓட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். டோக்கியோ மாரத்தான் குலுக்கலில் இந்த முறை என் பெயர் விழுந்துவிட்டது. சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நான் இதுவரை ஓடியதெல்லாம் கோலாலம்பூரிலும் பினாங்குப் பாலத்திலும்தான். விடியுமுன் கிளம்பினாலும் பத்தே நிமிடத்தில் சட்டையைப் பிழியலாம். குளிர் என்றால் எனக்குக் கேமரன் மலைதான் தெரியும், அங்கேயும் காலையில் தேநீர் குடிக்கத்தான் வெளியே வந்திருக்கிறேன்.

மார்ச் தொடக்கத்தில் டோக்கியோவில் காலையில் 5 டிகிரி, பகலில் 12, 13 வரும் என்கிறார்கள். வெறும் குளிரைச் சமாளித்துவிடுவேன், மழையும் சேர்ந்தால் என்ன செய்வது? கடையில் தண்ணீர் புகாத ஜாக்கெட் ஒன்று காட்டினார்கள், 400 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார்கள். அம்மா உள்ளே இரண்டு பருத்திப் பனியன் போட்டுக்கொள் என்கிறார். என் ஓட்டம் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆகும், ஆள் ஒல்லி. குளிர் நாட்டில் ஓடியவர்கள் சொல்லுங்கள்.

கிள்ளான் வேகம்:
ஜாக்கெட்டை வாங்கிவிடுங்கள் அண்ணே. அவ்வளவு செலவு செய்து டோக்கியோ போகிறீர்கள், 400 வெள்ளிக்குப் பார்த்தால் எப்படி?

பாலம்42:
தம்பி, அவசரப்பட்டு வாங்காதே. நான் 2019 மார்ச் 3 அன்று அதே டோக்கியோவில் ஓடியவன். அன்றைக்குக் காலையிலிருந்தே மழை, 5, 6 டிகிரிதான் இருக்கும். அப்போது ஜப்பானின் மாரத்தான் சாதனையைக் கையில் வைத்திருந்த ஒசாகோ சுகுருவே குளிர் தாங்காமல் நடுவழியில் நின்றுவிட்டார். நானும் உன்னை மாதிரி ஒரு தடித்த மழை ஜாக்கெட்டோடுதான் போனேன். முதல் 10 கிலோமீட்டர் சுகமாக இருந்தது. அப்புறம் உள்ளே வியர்வை போக வழியில்லாமல், வெளியே எவ்வளவு ஈரமோ உள்ளேயும் அவ்வளவு ஈரம். 42 கிலோமீட்டரும் நனையாமல் ஓடுவது நடக்காத காரியம். நனைந்த பிறகும் உடம்புச் சூடு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மழையில் நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறாயா? 24, 25 டிகிரியிலேயே பல் கிடுகிடுக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் அப்படித்தான். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். மோட்டாரில் போகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொள்கிறார்களே, அது நெஞ்சில் காற்று அடிக்காமல் இருக்கத்தான். உனக்கு வேண்டியதும் அதுதான்: உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய பாலியஸ்டர் நீளக்கை, மேலே கைக்குள் சுருட்டி அடக்கக்கூடிய மெல்லிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட். சூடானால் கழற்றி இடுப்பில் கட்டு, ஆனால் எறிந்துவிடாதே.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு, பருத்தி வேண்டவே வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நம்பாவிட்டால் வீட்டிலேயே சோதித்துப் பார். ஒரு பருத்திப் பனியன், ஒரு பாலியஸ்டர் பனியன், இரண்டையும் நனைத்துப் பிழிந்து, ஒன்றை மாட்டிக்கொண்டு காற்றாடியை (மின்விசிறியை) 5-ஆம் வேகத்தில் வைத்து அதன் முன்னால் பத்து நிமிடம் நில். மறுநாள் மற்றதைப் போட்டுப் பார்.

இன்னொன்று, ஓட்டத்தைவிட ஓடுவதற்கு முன்னால் நிற்கும் நேரம் கொடுமை. ஷின்ஜுகுவில் எங்கள் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்றோம். அதற்குப் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் பழைய ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக்கொள். மேலே பிளாஸ்டிக் மழையங்கி, சில வெள்ளிதான். காலணியைச் சுற்றி பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்டால் கட்டிவிடு. எல்லாவற்றையும் கிளம்பும்போது கழற்றலாம், ஆனால் சாலையில் வீசாதே, பின்னால் வருகிறவர் காலில் சிக்கும். தொப்பிக்கு முன்விளிம்பு இருக்கட்டும், மழை கண்ணில் அடிக்காது.

தஞ்சோங் அக்கா:
நான் பினாங்கில் தாதியாக வேலை செய்கிறேன், பாதி மாரத்தான் ஓடுவேன். பாலம்42 அண்ணன் சொன்னது சரி, ஆனால் கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. குளிரில் உடம்பு முதலில் கைவிடுவது விரல்களைத்தான், ரத்தத்தை உள் உறுப்புகளுக்கு இழுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் மழையில் ஓடியபோது 15-ஆவது கிலோமீட்டரில் ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டை என்னால் கிழிக்க முடியவில்லை. பல்லால் கடித்தும் வழுக்குகிறது, விரல்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. தண்ணீர் கொடுத்த ஒரு பெரியவர் பிரித்து என் வாயில் வைத்தார், அந்த முகத்தை மறக்கவே முடியாது. சாப்பிடாவிட்டால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் சூடும் குறையும். அதனால் மெல்லிய துணிக் கையுறை போட்டு, அதன்மேல் ஒரு அளவு பெரிய நைட்ரைல் (மருத்துவமனையில் போடும் மெல்லிய ரப்பர்) கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். உலகத்துக்கே கையுறை செய்து அனுப்பும் நாடு நம்முடையது, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

தம்பி, நீங்கள் ஒல்லி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. நடுக்கம் வரும், நாக்குக் குழறும், கால் பின்னும், ஆனால் நமக்கு ஏதோ ஆகிறது என்பதே நமக்குப் புரியாது. ஈரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே நடுக்கம் தானாக நின்றால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது இன்னும் மோசம். உடனே மருத்துவ முகாமுக்குப் போங்கள். பதக்கம் இன்னொரு வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

வாசலின் களிம்பை அக்குள், தொடை, மார்பு எல்லா இடமும் தாராளமாகப் பூசுங்கள். நனைந்த துணி நம் வியர்வையைவிட மோசமாக உரசும்.

கிள்ளான் வேகம்:
ஆனால் அக்கா, 2018 போஸ்டன் மாரத்தானில் பெண்கள் பிரிவில் ஜெயித்த டெஸ் லிண்டன் ஜாக்கெட்டோடுதானே முடித்தார்? அன்றும் அடைமழை, எதிர்க்காற்று, கடும் குளிர். ஆண்களில் ஜெயித்த கவாவுச்சி யூகியும் அதே மழையில்தான் ஓடினார். ஆக ஜாக்கெட் தப்பில்லையே.

பாலம்42:
ஜாக்கெட் தப்பு என்று நான் சொல்லவே இல்லை, தடித்ததுதான் வேண்டாம் என்றேன். லிண்டன் போட்டிருந்ததும் மெல்லியதுதான். இன்னும் ஒன்று கவனி. அவர் 2:39:54-ல் முடித்தார், கவாவுச்சி 2:15:58. அந்த வேகத்தில் ஓடுகிறவர்களுக்கு உடம்பே அடுப்பு. "இருக்கும் வெப்பத்தைவிட 10 டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்து" என்று ஓட்டக்காரர்கள் சொல்வார்கள், அது காய்ந்த நாளுக்கும் கடைசிவரை ஓடுகிறவனுக்கும் பொருந்தும். 5 மணி நேரக்காரர்கள் 32, 35-ஆவது கிலோமீட்டருக்கு மேல் நடப்போம். மழையில் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் நாம் துணி எடுக்க வேண்டும்.

காட்டுப்பாதை:
மலையில் ஓடுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 2021 மே மாதம் சீனாவின் கான்சுவில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் காற்றும் வந்து 21 பேர் குளிரில் இறந்துபோனார்கள். காற்றுத் தடுப்பு ஜாக்கெட் அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை, பலர் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். டோக்கியோ நகரத்துச் சாலை, அந்த அளவுக்குப் பயம் இல்லை, ஆனாலும் ஜாக்கெட்டை வழியில் எறியாதே என்று அண்ணன் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மடித்தால் ஒரு ஆப்பிள் அளவுதான் வரும்.

புச்சோங் ஓட்டம்:
எல்லாருக்கும் நன்றி. காற்றாடிச் சோதனை செய்துவிட்டேன், கூடவே ஏர்கோனையும் 16 டிகிரியில் வைத்தேன். பருத்தியோடு ஆறு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அம்மாவே பார்த்துவிட்டு "கழற்றுடா" என்று துண்டைக் கொண்டுவந்துவிட்டார். பாலியஸ்டரும் குளிர்ந்தது, ஆனால் பத்து நிமிடத்தில் பாதி காய்ந்துவிட்டது. 400 வெள்ளி ஜாக்கெட் வேண்டாம் என்று முடிவு செய்து மெல்லியதாக ஒன்று 90 வெள்ளிக்கு வாங்கினேன். அடுத்த வாரம் கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா போய் விடிகாலை மழையில் மூன்று மணி நேரம் ஓடிப் பார்க்கப்போகிறேன். காலுக்கு என்ன போடுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

தஞ்சோங் அக்கா:
உடம்போடு ஒட்டிய மெல்லிய நீளக் கால்சட்டை போதும். தொளதொள டிராக் பேண்ட் மட்டும் வேண்டாம், நனைந்தால் இடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டே வரும். காலுறை மெல்லிய மெரினோ கம்பளி, கம்பளி ஈரத்திலும் கொஞ்சம் சூடு பிடித்து வைக்கும். ஓடி முடித்த பிறகு பையை வாங்கப் போகும் நடையில்தான் நிறைய பேர் நடுங்குவார்கள், அதனால் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த சட்டையும் துண்டும் இருக்கட்டும்.

பாலம்42:
தானா ராத்தாவில் கையுறையோடேயே ஜெல்லைப் பிரித்துப் பழகு தம்பி. அப்புறம் ஓட்ட எண் அட்டையை முந்தின இரவே சட்டையில் நான்கு ஊக்கும் குத்தி வைத்துவிடு. காலையில் அந்தக் குளிரில் விரல் வராது.