லேப் ஸ்டீலில் உங்களை இன்னும் விடாத ஒரு சுரம்: அனுபவப் பகிர்வு

பேக்லைட்:
லேப் ஸ்டீல், அதாவது மடியில் கிடத்தி, 'பார்' என்ற எஃகுத் துண்டைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் மின்கிதார், என் கைக்கு வந்த கதையெல்லாம் வேண்டாம். ரிக்கன்பாக்கர் பி மாடல், பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த உடல், ஆறு கம்பி, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஒன்றரை அங்குலம். மடியில் வைத்தவர்களுக்குத் தெரியும், அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கனம். நண்பரும் நானும் மட்டும் இருந்தோம். ஓப்பன் டி சுருதி, அதாவது பார் வைக்காமல் மீட்டினாலே டி மேஜர் கார்டு வரும். மெட்டு எதுவும் இல்லை. மூன்றாம் கம்பியில் ஐந்தாம் கோட்டில் (சுரத்தின் இடம் காட்டும் ஃப்ரெட் கோடு) ஒரே ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அது தேயத் தேய வால்யூம் குமிழைச் சுண்டுவிரலால் ஏற்றிக்கொண்டே போனேன். பாரை அசைக்கவே இல்லை. சுரம் நின்றுகொண்டே இருந்தது, இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தோம். அப்புறம் உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்தேன். எதுவும் மாறவில்லை. கம்பி எப்போதோ ஓய்ந்துவிட்டிருக்கிறது, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலுக்குள் அந்தச் சுரத்தை நாங்களாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். "இப்பவும் கேக்குதே" என்றார் நண்பர். பிறகு எவ்வளவு முயன்றும் அது வரவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

சாய்வுக்கை:
நடந்ததுண்டு. ஆனால் அதற்கும் பேக்லைட் உடலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் கேட்டது, மேலே பெயர்கூட இல்லாத ஒரு மரக் கட்டையில், சி6 சுருதியில் (சி மேஜரோடு ஆறாம் சுரமும் சேர்ந்தது). வாசித்தவர் வயதானவர், பக்கவாத்தியம் கிடையாது. இரண்டிரண்டு சுரமாக வைத்துவிட்டு நிறைய நேரம் சும்மா இருப்பார். ஓர் இடத்தில் பாரைச் சாய்த்து மேலே ஏறிக்கொண்டு போனவர், சேர வேண்டிய கோட்டுக்குச் சற்று முன்பே நின்றுவிட்டார். அங்கேயே இருந்தார். மீதித் தூரத்தை நான்தான் பாடி முடிக்க வேண்டும் என்பதுபோல என் தொண்டை இறுகியது. அவர் முடிக்கவே இல்லை. பாரைத் தூக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்த அரைகுறை இடம் என்னை இன்னும் விடவில்லை. பழைய காந்தம், பழைய மரம் என்று பேசிப் பேசியே நாம் கையை மறந்துவிடுகிறோம். அன்று எனக்குக் கேட்டது கை மட்டும்தான்.

நேர்பார்வை:
பேக்லைட், மூன்றாம் கம்பியை எப்படிச் சேர்த்தீர்கள்? டியூனர் காட்டும் எஃப் ஷார்ப்பில் நிறுத்தியிருந்தால், இயல்பான காந்தாரத்தைவிட அது ஏறத்தாழ 14 சென்ட் கூடுதல் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஆறு கம்பியையும் ஒருசேர மீட்டி, அந்தக் கம்பியை மட்டும் மெல்ல இறக்கிப் பாருங்கள். ஒலியில் இருக்கும் அலைவு ஓரிடத்தில் சட்டென்று அடங்கும். அங்கே நிறுத்துங்கள். நாலு சுரம் மட்டும் வைத்து வாசிப்பவர்களுக்கு இது மிக முக்கியம், ஒளிந்துகொள்ள அடுத்த சுரம் கிடையாதே.

அடுத்தது கண். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கோடு எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். தலையை பாருக்கு நேர் மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். பாரின் அடிப்பகுதி கம்பியைத் தொடும் இடம் கோட்டுக்குச் சரியாக நேர்மேலே வர வேண்டும். சாதாரண கிதாரில் கோட்டுக்குப் பின்னால் விரல் வைத்த பழக்கம் இங்கே உதவாது. பிறகு, பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டுவிரலும் கம்பிகள்மேல் மெல்லக் கிடக்கட்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக் கம்பியும் தனியாக முனகும். வால்யூமை முழுக்க இறக்கி மீட்டிவிட்டு ஏற்றிப் பாருங்கள், நக ஒலி மறைந்து சுரம் மட்டும் மேலே வரும். நடுக்கத்தை (வைப்ராட்டோ) எடுத்த எடுப்பில் தொடங்காதீர்கள், சுரம் நிலைத்த பிறகு கோட்டின் இரு பக்கமும் சமமாகக் கொடுங்கள்.

என் அனுபவம் சின்னது. ஒரு பதிவில் ஒலிப்பதிவாளர், "அந்த நடுக்கம் இல்லாம ஒரு தடவை வாசிங்க" என்றார். வாசித்தேன். என் சுரம் அவ்வளவு தனியாக நின்று நான் கேட்டதில்லை. திரும்பப் போட்டுக் கேட்கும்போது இப்போதும் பதறுகிறது.

வறுசட்டி:
சாய்வுக்கை சொல்வதை ஏற்க மாட்டேன். கை முக்கியம், சரி. ஆனால் கருவி எதிர்த்துப் பேசும்போது கை என்ன செய்யும்? 1930களின் அலுமினிய ரிக்கன்பாக்கர், 'ஃப்ரையிங் பேன்' என்று எல்லோரும் சொல்லும் அதே கருவி, மேடையில் கேட்டேன். அலுமினியம் சூட்டில் எஃகுக் கம்பியைவிட அதிகம் விரியும். ரிக்கன்பாக்கர் நிறுவனம் 1935இல் பேக்லைட் உடலுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மேடை விளக்குகள் எரிய எரியச் சுருதி நகர்ந்துகொண்டே போனது. கூட வாசித்த பியானோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். ஸ்டீல்காரர் நிறுத்தவில்லை, சுருதிக் குமிழ்களைத் திருகவும் இல்லை. கோடுகளைப் பார்ப்பதையே விட்டுவிட்டுக் கண்ணை மூடி, கம்பிகள் எங்கே நிற்கின்றனவோ அதையே சுருதியாக வைத்து, மூன்று சுரங்களில் மட்டும் வாசித்தார். அந்தக் கச்சேரியில் எனக்கு நினைவிருப்பது அந்தப் பகுதி மட்டும்தான். வேறு கருவியாக இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது.

சாய்வுக்கை:
கோடுகளை விட்டுவிட்டுக் காதை நம்பியது யார்? கருவியா, அவரா? நீங்கள் சொன்ன கதை என் பக்கம்தான் பேசுகிறது.

கோட்டு:
சண்டையில் நான் இல்லை. கோட்டுவாத்தியம் (வீணை போன்றது, ஃப்ரெட் இல்லாமல் கட்டையை வழுக்கி வாசிப்பது) வாசிக்கும் தோழியின் மடியில் என் லேப் ஸ்டீலை வைத்தேன். கமகம் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது, ஆனால் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். "பின்னாடி யாருமே இல்லையே" என்றாள். அவள் வாத்தியத்தில் அடியில் அனுநாதத் தந்திகள் உண்டு, வாசித்த சுரம் முடிந்தாலும் அவை பிடித்துவைத்துக்கொள்ளும். இங்கே ஆறு கம்பி, பாரை எடுத்தால் வெறுமை. அதே பிடியை மறுபடி எடுத்தாள், பாதிச் சுரங்களைக் கழித்துவிட்டு. ஒவ்வொன்றும் தேய்ந்து முடிகிறவரை காத்திருந்துதான் அடுத்ததற்குப் போனாள். தெரிந்த ராகம்தான், ஆனால் அடுத்து என்ன வரும் என்று என்னால் ஊகிக்கவே முடியவில்லை. ரிவெர்ப், அதாவது எதிரொலிபோல் சுரத்தை நீட்டும் வசதி, கொஞ்சம் கூட்டட்டுமா என்று கேட்டேன், கையை நீட்டித் தடுத்துவிட்டாள். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை, கொஞ்சமாவது வேண்டும் என்றே தோன்றுகிறது. நீங்கள் எல்லாம் ரிவெர்ப் இல்லாமலா வாசிக்கிறீர்கள்?