22 மீட்டர் ஆழத்துக்கு 40 மீட்டர் கயிறு போதுமா?

பழைய நங்கூரம்:

அலையாத்தியின் பயணக் கட்டுரையைப் பலரும் பாராட்டி முடித்துவிட்டீர்கள் என்பதால் இனி நான் பேசலாம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் நால்வர் மாலையில் புறப்பட்டு, நடுக்கடலில் ஒரு பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) மேல் படகை நிறுத்தி, விடியும்வரை தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள், கலவாயும் விளைமீனும் கிடைத்தன, எல்லோரும் நலம். மீனின் நீளத்தைக் காட்டும்போது அவருடைய இரு கைகளுக்கும் இடையிலான தூரம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துவருவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. என்னை உறுத்துவது ஒரே ஒரு வாக்கியம். "கடல் குளம்போல் கிடந்ததால் 22 மீட்டர் ஆழத்துக்கு 40 மீட்டர் கயிறே போதுமானதாக இருந்தது, விடியும்வரை படகு இம்மியும் நகரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

நீர்மட்டத்திலிருந்து அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் 1 மீட்டர் என்று கொண்டால், கணக்கில் எடுக்க வேண்டிய ஆழம் 23 மீட்டர். இரவு தங்குவதென்றால் அதைப்போல் 5 முதல் 7 மடங்கு கயிறு விட வேண்டும். அதாவது குறைந்தது 115 மீட்டர். இவர் விட்டது 2 மடங்குகூட இல்லை. அந்தக் கயிறு இறுகும்போது நங்கூரத்தை 35 பாகைக் கோணத்தில் மேல்நோக்கி இழுக்கும்; 115 மீட்டர் விட்டிருந்தால் அதே கோணம் 12 பாகைக்குள் அடங்கியிருக்கும். நங்கூரம் பெரும்பாலும் தன் எடையால் பிடிப்பதில்லை, கிடையாக இழுக்கப்படுவதால்தான் பிடிக்கிறது என்பதை நாற்பது வரிக்கு வர்ணனை எழுதத் தெரிந்தவர் ஒரு வரியாவது படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

அலையாத்தி:

ஐயா சொல்லும் கணக்கு மணலில் பதியும் நங்கூரத்துக்கு உரியது. நாங்கள் போட்டது பாறையில் மாட்டும் கொக்கி நங்கூரம். அதன் கம்பிகள் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும். அளவுக்கு மீறி இழுத்தால் வளைந்து கொடுத்து வெளியே வரும். அது மண்ணை உழுது பிடிப்பதன்று. மேலும், 115 மீட்டர் கயிறு விட்டால் படகு நங்கூரத்திலிருந்து 112 மீட்டருக்கு அப்பால் போய் நிற்கும். நாங்கள் நின்ற பாரின் அகலமே 60 மீட்டருக்குள்தான் இருக்கும். ஐயாவின் கணக்குப்படி நடந்திருந்தால் மீன்கள் பாரிலும் நாங்கள் மணலுக்கு மேலும் இருந்துகொண்டு, இரவெல்லாம் ஒருவரையொருவர் நினைத்துக்கொண்டிருந்திருப்போம்.

40 மீட்டர் என்பது குத்துமதிப்பாகச் சொன்னதும் அன்று. எங்கள் கயிறு 60 மீட்டர்; ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். நான்காவது துணி அணியத்துக் கட்டைக்கு ஒரு சாண் வெளியே நின்றது. விடியலில் எடுத்த படத்திலேயே அது தெரிகிறது.

பழைய நங்கூரம்:

படத்தைக் குறிப்பிட்டதற்கு மிக்க நன்றி, ஏனென்றால் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 60 மீட்டர் கயிற்றில் நான்காவது துணி கட்டைக்கு வெளியே இருந்தால், படகுக்குள் மிஞ்சுவது 50-ஆவது மீட்டரில் ஒன்றும் நுனியில் ஒன்றுமாக இரண்டே துணிகள். ஆனால் படத்தில் அணியத்தில் கிடக்கும் கயிற்றுச் சுருளில் மூன்று சிவப்புத் துண்டுகள் தெரிகின்றன. ஆகவே கட்டைக்கு வெளியே நிற்பது மூன்றாவது துணி. இவர்கள் விட்டது 40 மீட்டர் அன்று, 30 மீட்டர். 23 மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர்! நங்கூரம் போட்டார்கள் என்பதைவிடக் கடலுக்குள் ஒரு வாளியை இறக்கிவைத்தார்கள் என்றால் பொருத்தமாக இருக்கும்.

அலையாத்தி:

சுருளில் தெரியும் மூன்றாவது சிவப்பு, துணி அன்று. இரை வெட்டும் கத்தியின் கைப்பிடி.

நீரளவு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். இருவரும் "அமைதியான கடல்" என்ற சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறீர்கள் என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால் விவாதம் பயனுள்ளதாக இருக்கும். பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் வகுத்த அளவுகோலில் 0 என்பது காற்று 1 நாட்டுக்கும் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்) குறைவாக இருக்கும் நிலை. 1 என்பது 1 முதல் 3 நாட் வரை. ஆனால் அது காற்றின் அளவுகோல். தொலைவில் வீசிய புயலிலிருந்து உருண்டு வரும் நெடிய அலையையும் அடிநீரோட்டத்தையும் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. காற்றே இல்லாத இரவில் நீரோட்டம் வலுவாக இருக்கலாம். முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் அப்படித்தான் இருக்கும். பயணம் சென்ற அன்று நிலவு எந்த நிலையில் இருந்தது?

பழைய நங்கூரம்:

நிலவு எந்த நிலையில் இருந்தாலும் அது மூன்றாவது துணிதான்.

தூண்டில்முள்:

கயிற்றைப் பற்றிய தீர்ப்பைப் பெரியவர்களுக்கே விட்டுவிடுகிறேன். என் வருத்தம் வேறு. "சிறிய கலவாய் ஒன்றின் வாயில் காற்றுப்பை பிதுங்கியிருந்ததால், அதைக் குத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுக் கடலில் விட்டோம்" என்று அதே கட்டுரையில் இருக்கிறது. வாயில் பிதுங்கி நின்றது காற்றுப்பை அன்று, அந்த மீனின் இரைப்பை. 22 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 3 மடங்குக்குச் சற்று மேலே. மேலே இழுத்து வரும்போது காற்றுப்பைக்குள் இருக்கும் வாயு அத்தனை மடங்கு விரிந்து, இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளுகிறது. அதைக் கத்தி முனையால் குத்துவது, வயிறு உப்பியவனுக்கு வயிற்றிலேயே துளை போடும் வைத்தியம். எடை கட்டிய ஒரு கவ்வியில் அதன் தாடையைப் பிடித்து ஆழத்துக்கு இறக்கிவிட்டிருந்தால் வாயு மறுபடியும் சுருங்கி மீன் தானே நீந்திப் போயிருக்கும்.

கருங்கணவாய்:

அந்தக் கலவாயை விடுவித்தவன் நான். அந்தப் படகில் இருந்த நால்வரில் ஒருவன். நள்ளிரவில், வழுக்கும் தளத்தில், முள்செவுளோடு துள்ளும் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பவனுக்கும், பகலில் நாற்காலியில் அமர்ந்து அதைப் படிப்பவருக்கும் வேறுபாடு உண்டு. விட்டவுடன் அது தலைகீழாகப் பாய்ந்து ஆழத்துக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். மேலும், குத்தியது கத்தியால் அன்று, தூண்டிலின் முனையால். என் கத்தி ஆரஞ்சு நிறக் கைப்பிடியோடு அணியத்தில்தான் கிடந்தது.

பழைய நங்கூரம்:

"ஆரஞ்சு நிறக் கைப்பிடி." இதை அனைவரும் ஒருமுறை நிதானமாகப் படிக்குமாறு வேண்டுகிறேன். படத்தில் இருக்கும் மூன்று துண்டுகளும் ஒரே சிவப்பு. கத்தியின் உரிமையாளரே அது ஆரஞ்சு என்று சாட்சி சொல்லிவிட்ட பிறகு, நான் சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

அலையாத்தி:

விடியல் வெளிச்சத்தில் ஆரஞ்சும் சிவப்பாகத் தெரியும் என்பதை, விடியலில் கடலில் இருந்தவர்கள் அறிவார்கள்.

என்னை இந்த இடம்வரை இழுத்துவந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். ஐந்து மடங்குக் கயிறு விட்டு முறைப்படி நங்கூரம் போடும் ஐயா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பாரில் அந்த நங்கூரத்தை எடுக்க முடியாமல் கயிற்றை அறுத்துவிட்டு வந்தார். அன்று அந்தப் படகில் நானும் இருந்தேன். காற்றில்லாத இரவில் படகு கயிற்றை இழுக்காது; விட்ட கயிற்றில் பெரும்பகுதி பாறைமேல் படுத்துக்கிடக்கும்; நீரோட்டம் திரும்பும்போது பாறை முகடுகளில் சுற்றிக்கொண்டு அரைபடும். அன்று நடந்தது அதுதான். நாங்கள் இப்போது சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பகுதியில் பூட்டி, மேல் வளையத்தில் மெல்லிய கயிற்றால் கட்டிவைக்கிறோம். நங்கூரம் சிக்கினால் வலித்து இழுத்ததும் அந்த மெல்லிய கட்டு அறுந்து, நங்கூரம் தலைகீழாகக் கழன்று வந்துவிடும். இதையும் அன்றே நான் சொன்னேன். ஐயாவின் காதில் ஏறவில்லை.

பழைய நங்கூரம்:

அன்று கயிறு சிக்கியதற்குக் காரணம் கயிற்றின் நீளம் அன்று. நங்கூரத்தை மணல் விளிம்பில், நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போட்டுவிட்டுப் பின்வாங்கிப் பாரின் மேல் நிற்கலாம் என்று நான் சொன்னபோது, "இங்கேயே போடுங்கள், இங்கேதான் மீன்" என்று அவசரப்படுத்தியவர் யார் என்பதையும் அன்று படகில் இருந்தவர் சொல்லியிருக்கலாம். மணலில் போட்டால் நங்கூரமும் பிடிக்கும், பவளமும் உடையாது, படகு நிற்பதும் பாரின் மேல்தான். நீளக் கயிற்றால் பாரைவிட்டு விலகிப்போவோம் என்ற வாதம் இதோடு விழுந்துவிடுகிறது. நீரோட்டம் திரும்பினால் படகும் திரும்பும் என்பீர்கள். விழித்திருப்பவர் எழுந்து இடம் மாற்ற வேண்டும். அதற்குத்தான் காவல் என்று பெயர்.

காவல் என்றதும் நினைவுக்கு வருகிறது. "இரண்டு மணிக்குமேல் எல்லோரும் சற்றுக் கண்ணயர்ந்தோம்" என்று எழுதியிருக்கிறார். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளில் 5-ஆம் விதி எந்நேரமும் கண்காணிப்பு வேண்டும் என்கிறது. 30-ஆம் விதி நங்கூரமிட்ட கலத்தில் எல்லாத் திசையிலிருந்தும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும் என்கிறது. இவர்கள் எரித்தது கணவாயை ஈர்க்கும் பச்சை விளக்கு.

கருங்கணவாய்:

எங்கள் படகு 7 மீட்டருக்கும் குறைவான நீளமுடையது. அதே 30-ஆம் விதியில் அதற்கு விலக்கு உண்டு என்பதைப் படிக்காமல் விட்டது ஏன்?

பழைய நங்கூரம்:

கால்வாயிலோ, கப்பல் துறையிலோ, பிற கலங்கள் வழக்கமாகச் சென்றுவரும் இடத்திலோ அதன் அருகிலோ நிற்காதபோது மட்டுமே அந்த விலக்கு என்பதைப் படிக்காமல் விட்டது ஏன்? மீன் கிடைக்கும் பாரைத் தேடி நீங்கள் மட்டுந்தான் வருவீர்களா? தொலைவிலிருந்து பச்சையைக் காண்பவர் அதை ஓடும் படகின் வலப்பக்க விளக்கு என்று நினைக்கலாம். நிற்கிற படகை ஓடுகிற படகாகக் காட்டும் விளக்கு, விளக்கே இல்லாததைவிட மோசம். அது ஒருபுறம் இருக்கட்டும். அது மூன்றாவது துணி.

தூண்டில்முள்:

அந்த மீன் தலைகீழாகப் பாய்ந்தது என்று மகிழும் நண்பருக்கு ஒரு சொல். பாய்ந்து மறைவதும் பிழைப்பதும் ஒன்றல்ல. துளைபட்ட இரைப்பையோடு கீழே போன மீனுக்கு நேர்வது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே நமக்கு வசதியாகிவிடுகிறது.

கருங்கணவாய்:

மீனின் இரைப்பைக்காக இத்தனை உருகுபவர், போன பயணத்தில் என்னிடம் வாங்கிச்சென்ற தலைவிளக்கைத் திருப்பித் தந்திருந்தால், அந்த நள்ளிரவில் குத்தியது எது என்று எனக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

நீரளவு:

என் கேள்விக்கு இதுவரை எவரும் விடையளிக்கவில்லை. போகட்டும். துணியை எண்ணாமலே இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. 23 மீட்டர் ஆழத்தில் 40 மீட்டர் கயிறு முழுவதும் இறுகினால் படகு நங்கூரத்தைச் சுற்றி ஏறத்தாழ 33 மீட்டர் ஆரத்துக்குள் திரியும். 30 மீட்டர் கயிறானால் 19 மீட்டர் ஆரத்துக்குள். அலையாத்தியின் கைப்பேசியில் அன்றிரவின் ஜிபிஎஸ் தடம் இருந்தால், நங்கூரம் விழுந்த இடத்திலிருந்து படகு எத்தனை தூரம் விலகியது என்று பார்த்துச் சொல்லலாமே.

அலையாத்தி:

பார்த்தேன். அதிகபட்சம் 25 மீட்டர். காற்றே இல்லாத இரவில் கயிறு முழுவதும் இறுகாது. ஆகவே 33-ஐத் தொடாமல் 25-இல் நின்றிருக்கிறது. 30 மீட்டர் கயிறாக இருந்தால் படகு 19 மீட்டரைத் தாண்டியிருக்கவே முடியாது. இதற்குமேல் என்ன வேண்டும்?

பழைய நங்கூரம்:

கைப்பேசியின் ஜிபிஎஸ், திறந்த வானத்தின் கீழும் ஏறத்தாழ 5 மீட்டர் பிழை காட்டும். 19-உடன் 5-ஐக் கூட்டினால் 24. அணியத்திலிருந்து கைப்பேசி இருந்த இடம்வரை படகின் நீளம் வேறு இருக்கிறது. 25 என்ற எண் என் கூற்றைத்தான் உறுதிசெய்கிறது. தாமாகவே முன்வந்து சான்று அளித்த அலையாத்திக்கு நன்றி. 30 மீட்டர்.

மேலும், "இம்மியும் நகரவில்லை" என்று எழுதியவர் இப்போது 25 மீட்டர் நகர்ந்ததாகச் சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அலையாத்தி:

நகர்வதும் நங்கூரத்தைச் சுற்றி ஊசலாடுவதும் வேறு வேறு என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே ஐயாதான்.

கருங்கணவாய்:

எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுவதை நான் நேராகக் கேட்டுவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு ஐயாவை அழைக்கவில்லை என்பதுதானே இத்தனைக்கும் காரணம்?

பழைய நங்கூரம்:

அழைக்கப்படாததைப் பற்றி எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. அலையாத்தி முதன்முதலில் பாருக்கு வந்தபோது, ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாறையில் சிக்கும் என்பதுகூடத் தெரியாமல் ஒரே இரவில் பதினொரு குண்டுகளை இழந்ததையும், அவற்றில் ஒன்பது என் பெட்டியிலிருந்து போனவை என்பதையும், அதன்பின் என் குறிப்பேட்டிலிருந்துதான் இந்தப் பாரின் இருப்பிடத்தை அவர் எழுதிக்கொண்டார் என்பதையும் நான் எந்நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லிக்காட்டவில்லை. நான் பேசுவது கயிற்றைப் பற்றி மட்டுமே.

அலையாத்தி:

படகில் நால்வருக்குத்தான் இடம் இருந்தது என்று அப்போதே தெரிவித்தேன். வரும் சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். காற்று 5 நாட்டுக்குள் இருக்கும் என்று முன்னறிவிப்பு சொல்கிறது. ஓர் இடம் காலியாக இருக்கிறது. 40 மீட்டர் கயிறுதான் விடுவோம்.

பழைய நங்கூரம்:

115 மீட்டர் கயிற்றை நான் கொண்டுவருகிறேன். அதில் துணிகள் நீல நிறம். கத்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டியிராது.

நீரளவு:

5 நாட் என்பது போஃபோர்ட் அளவுகோலில் 0 அன்று, 2.

அலையாத்தி:

115 மீட்டர் கயிற்றுக்குப் படகில் இடமில்லை.

பழைய நங்கூரம்:

அப்படியானால் படத்தில் இருப்பது மூன்றாவது துணி என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

கருங்கணவாய்:

கைப்பிடி.