மறு: ‘டிஸ்பிளேஸ்மென்ட்’ – கொள்ளளவா, வீச்சளவா?

குழுவினருக்கு வணக்கம். எஞ்சினின் ‘டிஸ்பிளேஸ்மென்ட்’டுக்கு, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் வீசிக் கடக்கும் இடத்தின் அளவுக்கு, ‘வீச்சளவு’ என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> எஞ்சின் சைஸைக் ‘கொள்ளளவு’ என்றே எழுதிவிடலாமே. பைக் பற்றி எழுதும்போது அப்படித்தானே எழுதுகிறார்கள்?

பைக்கோடு நின்றால் எழுதலாம் ஐயா. நான் தமிழாக்குவது ரேடியோவில் ஓட்டும் சாகச மாதிரி விமானத்துக்கு எஞ்சின் தேர்வு செய்வது பற்றிய கையேடு. ஒரே பக்கத்தில் 300 மில்லி எரிபொருள் டேங்கும் வருகிறது, 7.5 சி.சி. எஞ்சினும் வருகிறது. இரண்டுக்கும் கொள்ளளவு என்றால் படிக்கிறவர் குழம்பிப் போவார்.

அதைவிடப் பொருளே பிசகுகிறது. சிலிண்டர் விட்டம் 24 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 22 மி.மீ. என்றால் கணக்குக்கு ஏறத்தாழ 10 சி.சி. வரும். பிஸ்டன் உச்சிக்குப் போன பிறகும் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் மிஞ்சுமல்லவா, அது இந்தப் பத்தில் சேராது. சிலிண்டர் கொள்வது வேறு, பிஸ்டன் வீசிக் கடப்பது வேறு. ‘இடப்பெயர்ச்சி’யை இயற்பியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கை நான்கு வீச்சு எஞ்சின் என்று எழுதுகிறோமே, அந்த வீச்சைப் பிடித்துத்தான் ‘வீச்சளவு’ என்றேன்.

> வீச்சளவு என்றால் அந்த 22 மி.மீ.யைத்தான் நினைப்பார்கள்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். ‘வீச்சுக்கனம்’ என்று மாற்றிப் பார்த்தேன். விமானம் கட்டுகிறவர் காதில் கனம் என்றால் எடைதான். ஆகவே ‘வீச்சுப் பருமன்’. ஒரு மோல் பொருள் அடைக்கும் இடத்துக்கு மோலார் பருமன் என்று வேதியியல் பாடநூலில் இருக்கிறது, பேச்சு வழக்கிலும் பருமன் சைஸுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இனி எண்களின் தொல்லை. இந்தப் பொழுதுபோக்கில் ‘46 எஞ்சின்’ என்றால் 0.46 கன அங்குலம், அதாவது 7.5 சி.சி. புள்ளியைப் பேச்சில் விழுங்கிவிடுவார்கள். என் முதல் வரைவில் நானே 46 சி.சி. என்று எழுதி வைத்திருந்தேன்! அது இரண்டு மீட்டருக்கு மேல் இறக்கை விரிந்த பெட்ரோல் விமானத்துக்கானது. இரண்டரை கிலோ விமானத்தின் மூக்கில் மாட்டினால் மூக்கே மிஞ்சாது. ‘61’ என்ற விநோத எண்ணும் இப்படித்தான்: சர்வதேச சாகசப் போட்டிகளில் முன்பு 10 சி.சி. வரம்பு இருந்தது, அதைக் கன அங்குலமாக்கினால் 0.61.

‘46 சைஸ் விமானம்’ என்பதற்கு ‘46 வகுப்பு’ போதும். அங்கே அளப்பது விமானத்தை அல்ல, அதில் மாட்டும் எஞ்சினை.

> பருமன் என்பதைவிடத் திறன் என்றால் எளிதில் புரியுமே?

கூடவே கூடாது. இரு வீச்சு 61 இழுக்கும் விமானத்துக்கு நான்கு வீச்சில் 91 மாட்டுவார்கள். பருமன் ஒன்றரை மடங்கு, வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மூக்கை வானுக்கு நிமிர்த்தி விமானத்தை அந்தரத்தில் தொங்கவிட வேண்டுமானால் இழுவிசை எடைக்குக் குறையக் கூடாது. அதை எஞ்சினோடு புரொப்பெல்லரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பருமனைத் திறன் என்று எழுதினால் கையேட்டின் பாதிப் பக்கங்கள் பொய்யாகிவிடும்.

ஒன்றில்தான் மாட்டிக்கொண்டேன். மின்மோட்டார்களையும் ‘46க்கு இணை’ என்று விற்கிறார்கள். பிஸ்டனே இல்லாததற்கு வீச்சு ஏது? ‘46 வகுப்பு மோட்டார்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.